நிறம் மாறாத தண்ணீரையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடல் கொஞ்சம் பச்சையானாலோ, இரவில் அலை நீலமாக மின்னினாலோ, கரையில் நாலு மீன் செத்து ஒதுங்கினாலோ போதும், "கடலில் விஷம்", "திரும்பவும் சுனாமியா" என்று முகநூலில் தொடங்கி அடுத்த நாள் பத்திரிகை வரைக்கும் வந்துவிடுகிறது. 2004ஐக் கண்ட ஊருக்கு அந்தப் பயம் வருவது நியாயம், அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருகோணமலையில் நாங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது நிறம் மாறிய கடலைப் பற்றி அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மின்னும் அலையையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கக் கடல்களில் அதற்குப் பெரும்பாலும் காரணம் நொக்டிலூக்கா என்ற ஒருகல உயிரி. ஒரே கலம்தான், ஆனாலும் அரை மில்லிமீற்றர் அளவுக்கு இருக்கும், கண்ணாடிப் போத்தலில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் கண்ணுக்கே புள்ளி புள்ளியாகத் தெரியும். அலையில் குலுங்கும்போது அதன் உள்ளே இருக்கும் லூசிபெரின் என்ற இரசாயனம் ஒட்சிசனோடு சேர்ந்து ஒரு கணம் ஒளிவிடுகிறது. 2019 ஓகஸ்டில் சென்னைக் கரையில் ஆயிரக்கணக்கானோர் போய்ப் பார்த்த நீல ஒளியும் இதுதான். பச்சை நிற நொக்டிலூக்காவுக்குள் இன்னும் சிறிய பச்சை அல்காக்கள் (நுண்பாசிகள்) ஆயிரக்கணக்கில் குடியிருந்து ஒளித்தொகுப்பு செய்யும், கடல் பச்சையாகத் தெரிவது அதனால்தான். இது மட்டியில் சேர்ந்து மனிதரைக் கொல்லும் நஞ்சைச் செய்வதில்லை. ஆனால் கூட்டம் கூட்டமாகப் பெருகினால் அமோனியாவை வெளிவிடும், செத்து அழுகும்போது தண்ணீரில் ஒட்சிசன் இறங்கிவிடும். தப்பி ஓட முடியாத மீன்கள், முக்கியமாகக் கூடுகளில் வளர்ப்பவை, அப்போது சாகும்.

மீன் செத்த செய்தி போடும்போது எந்த நேரத்தில் செத்தது என்று தயவுசெய்து கேட்டு எழுதுங்கள். அல்காக்கள் பகலில் ஒட்சிசன் கொடுக்கும், இரவில் அவையும் எங்களைப் போலவே ஒட்சிசனை எடுக்கும், ஆகவே விடியப்போகும் நேரத்தில்தான் தண்ணீரில் அது மிகக் குறைவு. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடித் தவித்துச் செத்திருந்தால் முதல் சந்தேகம் ஒட்சிசன்மேல்தான் போக வேண்டும். நட்டநடுப் பகலில் திடீரென்று செத்தால் வேறு காரணம் தேட வேண்டும். இவ்வளவு உதவும் தகவல் செய்திகளில் வருவதே இல்லை.

சரி, கவலைப்பட வேண்டியது எது? மட்டி. தம்பலகாமக் குடா, கிண்ணியாப் பக்கத்துச் சனங்களுக்கு மட்டியும் சிப்பியும் புதிதல்ல. தம்பலகாமக் குடாவில் 19ஆம் நூற்றாண்டில் முத்துக்காகவே மெல்லிய தட்டைச் சிப்பிகளை அள்ளினார்கள், கெலார்ட் என்ற ஆய்வாளர் அவற்றைப் பற்றி அப்போதே எழுதியிருக்கிறார். மட்டி தண்ணீரை வடித்துத்தான் சாப்பிடுகிறது. அலெக்சாண்டிரியம் போன்ற சில சுழிகசையுயிரிகள் (சாட்டைபோன்ற இழைகளால் சுழன்று நீந்தும் ஒருகல உயிரிகள்) செய்யும் சாக்சிடொக்சின் என்ற நஞ்சு அப்படியே அதன் சதையில் சேர்ந்துவிடும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது, சுவையும் மாறாது, அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், மோசமானால் மூச்சு விடும் தசைகளே செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது, செயற்கை மூச்சுக் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். தமிழ்நாட்டின் வாயலூரில் 1981இல் 3 பேர், கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1997இல் 7 பேர் இப்படி இறந்தார்கள். ஐரோப்பாவில் ஒரு கிலோ மட்டிச் சதையில் 800 மைக்கிரோகிராமுக்கு மேல் இந்த நஞ்சு இருந்தால் விற்க விட மாட்டார்கள். இதில் பயங்கரம் என்னவென்றால், கண்ணுக்கு எந்த நிறமும் தெரியாத அளவுக்குக் கலங்கள் குறைவாக இருக்கும்போதே மட்டி நஞ்சேறிவிடலாம்.

எங்கள் கடலில் அப்படி நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது இயற்கைத் துறைமுகம், உலகெங்கிருந்தும் கப்பல்கள் வரும் இடம். இந்த உயிரிகளில் பல, உறங்கும் முட்டைபோன்ற வடிவத்தில் அடிச்சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கக்கூடியவை, கப்பல் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் பாரநீரிலும் பயணம் செய்யக்கூடியவை. அந்தப் பாரநீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. மகாவலி பெரும்போகத்துப் பசளையையும் மாரி வெள்ளத்தோடு கொட்டியாரக் குடாவில் கொண்டுவந்து சேர்க்கிறது. அப்படி வரும் சத்தில்தான் தயற்றங்கள் என்ற நுண்ணல்காக்கள் பெருகும், சூடையும் நெத்தலியும் அந்தச் சங்கிலியில்தான் வாழும், ஆகவே நுண்ணல்காக்களே எதிரி என்று நினைத்துவிடவும் கூடாது. புறாமலைத் தீவின் முருகைக்கற்களுக்குள் இருந்து அவற்றுக்கு உணவு கொடுப்பவையும் இந்தச் சுழிகசையுயிரிக் குடும்பத்தின் உறவுகள்தான்.

குளத்துத் தண்ணீர் பற்றியும் ஒன்று. பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் படலம் கட்டினால் அது பெரும்பாலும் மைக்குரோசிஸ்ரிஸ், அல்கா அல்ல, சயனோபற்றீரியா, அதாவது ஒளித்தொகுப்பு செய்யும் ஒருவகைப் பற்றீரியா. அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது, கலம் உடைந்து இன்னும் அதிகமாகத் தண்ணீரில் கலக்கும். மாட்டையும் குடிக்க விடக்கூடாது. படலமே கட்டாமல் தண்ணீர் முழுக்கப் பரவி நிற்கும் நஞ்சினங்களும் உண்டு.

ஆக, மட்டி எடுக்கும் இடங்களில் நிறம் மாறாவிட்டாலும் மாதாமாதம் தண்ணீரைப் பார்க்க வேண்டும். தொடங்குவதற்குப் பெரிய செலவில்லை. மாப்பொருள் சோதனைக்குப் பாடசாலையில் வைத்திருக்கும் அயடீன் கரைசலை, தண்ணீர் மெல்லிய தேநீர் நிறத்துக்கு வரும்வரை போத்தலில் விட்டால் கலங்கள் கெடாமல் இருக்கும். இடம், திகதி, நேரம் எழுதி ஒட்ட வேண்டும். உயர்தர உயிரியல் பிள்ளைகள் நுணுக்குக்காட்டியில் எண்ணிப் பார்க்கலாம், சந்தேகமானதைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்துக்கு அனுப்பலாம். நஞ்சு இருக்கிறதா என்பதை இரசாயனப் பரிசோதனைதான் சொல்லும், அதை மீன்பிடித் துறையினர்தான் செய்ய வேண்டும். பிள்ளைகள் எண்ணிய கலங்களின் எண்ணிக்கையைப் போட உங்கள் பத்திரிகை மாதம் ஒருமுறை ஒரு சிறு பத்தி இடம் தருமா? போத்தலோடு போய் மாதிரி எடுக்கத் தயாரான பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உயிரியல் கற்பிக்கும் வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.