எந்தக் கம்பி என்று பில்லில் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் 31 வருஷமாக மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கட்டுகிறேன். போன வாரம் வடகரப்பதிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் 3 எச்.பி. மோட்டாரை ஆட்டோவில் ஏற்றி வந்தார். "ஏனுங்க, தையிலதான் காயில் கட்டுனது, மறுபடியும் பொகைஞ்சிருச்சுங்க" என்றார். கட்டியது வேறொரு ஊர்க் கடை. பில்லில் 'காயில் மாற்றியது' என்று ஒரு வரி, கீழே தொகை. அவ்வளவுதான்.

கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புத் தோல் போர்த்திய கம்பி! வெட்டியெடுத்துத் தராசில் வைத்தால், செம்பென்றால் இரண்டரைக் கிலோ நிற்க வேண்டியது ஒரு கிலோவில் நின்றது. கொடுத்த காசு என்னவோ செம்புக்கு.

அலுமினியத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. செம்பு மோட்டார் என்று வாங்குகிறோமே, அதன் சுழலும் பாகமான ரோட்டாருக்குள் வார்த்திருப்பதும் பெரும்பாலும் அலுமினியம்தான். என் வீட்டு மின்விசிறியில் அலுமினியக் காயில். 11 வருஷமாகச் சுற்றுகிறது. அதற்கென்றே இடம்விட்டுச் செய்தது அது. செம்பு கடத்தும் மின்சாரத்தில் 61 சதவீதம்தான் அதே தடிமன் அலுமினியம் கடத்தும். கேஜ் என்பது கம்பியின் தடிமன் எண், எண் குறைந்தால் கம்பி தடிமன். 20 கேஜ் செம்பு இருந்த இடத்தில் 18 கேஜ் அலுமினியம் போட வேண்டும். செம்புக் கம்பி உட்கார வெட்டிய ஸ்லாட் பள்ளத்தில் அத்தனை தடிமன் எங்கே நுழையும்? அதே 20 கேஜையே திணித்துவிடுகிறார்கள். சூடு ஒன்றரை மடங்காகிறது. எங்கள் பக்கம் கோடையில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கும், ஆம்பியர் ஏறும். அப்புறம் வார்னிஷ் கருகும் வாசம்தான். வெறும் அலுமினியமென்றால் ஜாயின்ட் வேறு தொல்லை. சுரண்டிய உடனே ஆக்சைடு படியும், சாதா ஈயம் பிடிக்காது.

காயில் கட்டும் கடைகள் எந்த உலோகம், எத்தனை கிலோ, என்ன கேஜ் என்று பில்லில் எழுத வேண்டும் என்று அரசு சொல்லட்டும். புது மோட்டாருக்கும் இது பொருந்தும். என் மேஜைக்கு வந்த பெயர்ப்பலகைகளில் எச்.பி., வோல்ட், ஆர்.பி.எம். எல்லாம் உண்டு, காயில் எதில் என்று மட்டும் பார்த்த ஞாபகமில்லை.

தோப்புக்காரருக்குக் கண்ணெதிரே எடை போட்டுச் செம்பு கட்டிக் கொடுத்தேன். கருகிய கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு, பழைய கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினார்.

இப்படிக்கு,
ரீவைண்டிங் கடைக்காரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.