அப்பாவாகப் போகிறவரையும் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்

செங்கோட்டை, புளியரை, பண்பொழி பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் வணக்கம்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் 12 வாரத்துக்குள் பதிவு. பிறகு ஒவ்வொரு வருகையிலும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின். இதில் எதையும் நீங்கள் தவறவிடுவதில்லை. ஆனால் மாத்திரை கொடுத்து நீங்கள் பாடுபட்டு ஏற்றுகிற, ஆக்சிஜனைச் சுமக்கும் அந்த ஹீமோகுளோபினில் ஒரு பங்கை, கணவர் விடும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும் வாயு அது. தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது; தாயின் ரத்தத்தைவிடக் குழந்தையின் ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் நீங்குகிறது. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இருக்கிற கொஞ்சத்திலும் இந்தத் திருட்டு. பிறப்பு எடை குறைவதற்கும், வயிற்றிலேயே குழந்தை இறப்பதற்கும், பிறந்த பின் தூக்கத்தில் திடீரென மூச்சு நிற்பதற்கும் வீட்டுப் புகை ஒரு காரணம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பதிவு செய்யும் அன்றே கணவரின் புகைப் பழக்கத்தையும் எழுதி, அவருக்கும் சிகிச்சை தொடங்குங்கள். “விட்டுருங்க அண்ணே” என்று சொல்லி அனுப்புவது சிகிச்சை ஆகாது.

முதலில், அவரிடம் எப்படிக் கேட்பது. மனைவியும் மாமியாரும் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. தனியாகக் கூப்பிட்டு இரண்டே கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி. எழுந்து அரை மணி நேரத்துக்குள் என்றால், புகையிலையில் அடிமைப்படுத்துகிற நிகோடினின் பிடி இறுகியிருக்கிறது என்று பொருள். “வாசல்ல நின்னுதான் குடிக்கேன்” என்பார். வாசலில் விட்ட புகை கதவு வழியே உள்ளே வரும். அணைத்துவிட்டு வந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு மூச்சிலும், சட்டையில் அதற்கு மேலும் அது இருக்கும். விடும் வரைக்கும் வீட்டை விட்டுத் தள்ளிப் போவது, சட்டை மாற்றுவது, கை முகம் கழுவுவது எல்லாம் சரி. அது இடைக்கால ஏற்பாடு மட்டுமே.

“கொறச்சுக்கிட்டே வாரேன்” என்பதையும் நம்பி விட்டுவிடாதீர்கள். எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொன்றையும் ஆழமாக இழுப்பார்கள். பீடியில் இது இன்னும் மோசம். இலை காற்றை உள்ளே விடாது, அடிக்கடி அணையும், அணையாமல் இருக்க வேண்டுமானால் விடாமல் இழுக்க வேண்டும். ஒரு தேதி குறித்து, அன்றோடு முழுதாக விடுவதே நல்லது. தேதி இரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். புனலூர், கொல்லம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஊருக்கு வரும் விடுப்போடு சேர்த்துக் குறிக்கட்டும். முதல் மூன்று நாள்தான் கடுமை. அந்த மூன்று நாளும் பீடி குடிப்பவர்கள் நடுவே ஒரே அறையில் கிடந்தால் தாங்காது.

மருந்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. புகைக்குப் பதிலாகக் கொஞ்சம் நிகோடின் தந்து ஆசையை அடக்கும் நிகோடின் சூயிங்கம் 2 மி.கி., 4 மி.கி. என இரண்டு அளவில் உண்டு. எழுந்து அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. வேண்டும், அதற்கு மருத்துவர் சீட்டும் வேண்டும். வாங்கிப் போகிறவர் மிட்டாய் சூயிங்கம்போல விடாமல் மெல்லுவார். எச்சிலோடு நிகோடின் வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், ஆசையும் அடங்காது. “இது ஒத்துக்கல” என்று இரண்டாம் நாளே தூக்கிப் போடுவார். அதனால் முதல் கம்மை உங்கள் முன்னால் போடச் சொல்லுங்கள். மெதுவாக மென்று, மிளகுக் காரம்போல் சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம். போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து, வாயில் இருக்கும் வரை டீ, காபி, சோடா, எலுமிச்சைச் சாறு எதுவும் கூடாது. புளிப்பு இருந்தால் வாய் வழியே நிகோடின் ஏறாது.

முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டு முதல் நான்கு மணிக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் நான்கு முதல் எட்டு மணிக்கு ஒன்று. ஒரு நாளில் 24-ஐத் தாண்டக் கூடாது. ஆசை வந்த பிறகு தேடாமல், நேரம் வைத்துப் போடுவதுதான் பலன் தரும். மெல்லப் பல் இல்லாதவருக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை இருக்கிறது. பட்டையோ கம்மோ, வீட்டில் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

புகை நின்றதும் டீயின் காஃபின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். அதனால் வரும் படபடப்பையும் தூக்கமின்மையையும் பீடி விட்டதன் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். டீயைப் பாதியாக்கச் சொல்லுங்கள். ஹான்ஸ், கூல் லிப் பக்கம் தாவுகிறாரா என்றும் கேளுங்கள். அதுவும் புகையிலைதான்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. பல வீடுகளில் மனைவியே பீடி சுற்றுகிறவர். சுளகில் குவிந்து கிடப்பதில் ஒன்றை எடுக்கக் காசும் வேண்டாம், கடைக்குப் போகவும் வேண்டாம். அந்தப் பெண்ணின் பிழைப்பைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் தூளும் இலையும் படுக்கிற அறைக்கு வெளியே இருக்கட்டும், சுற்றி முடித்ததும் கட்டி மூடி வைக்கட்டும், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கர்ப்ப காலத்தில் சுற்றாமல் இருக்க வழியிருந்தால் அதுவே மேல். புகையிலைத் தூசு மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகிறது.

கணவரைக் கண்காணிக்கும் வேலையை மட்டும் மனைவி தலையில் வைக்காதீர்கள். வீட்டில் சண்டைதான் மிஞ்சும். அந்த வேலை உங்களுடையது, கைபேசியில் முடிகிற வேலை. தேதிக்கு மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று கூப்பிட்டால் போதும். வெளியூரில் இருப்பவர் செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வர மாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356-ஐயும் எழுதிக் கொடுங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள், காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை. அதனால் திங்கட்கிழமையை விடும் தேதியாகக் குறிக்காதீர்கள்.

கடைசியாக வளைகாப்பு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கி, முதல் பிரசவத்துக்கு மனைவியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். கணவர் வீட்டில் தனியாக இருப்பார், கேட்க ஆளில்லை, சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு கூட்டாளிகள் மது வாங்குவார்கள். அதுவரை விட்டிருந்தவர்கள் மறுபடி பிடிக்கும் வாரம் அது. பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் ஒன்று, இரவு முழிப்பில் ஒன்று என்று அடுத்த வழுக்கல் வரும். வளைகாப்புத் தேதியைக் கேட்டு அட்டையில் எழுதி, அதற்கு அடுத்த வாரம் ஒரு அழைப்பு, பிரசவமான வாரம் ஒரு அழைப்பு கட்டாயம் வையுங்கள். ஒன்று குடித்துவிட்டேன் என்றால் திட்ட வேண்டாம். அன்றைக்கே கம்மைத் தொடரச் சொல்லுங்கள், புதிதாக நாள் பார்க்க வேண்டாம்.

இந்தக் கம் போன்ற நிகோடின் மாற்று மருந்து 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. அடுத்த மருந்துக் கோரிக்கைப் பட்டியல் அனுப்பும்போது கம்மின் இரண்டு அளவையும் சேர்த்து எழுதுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் அதே மேசையில் அதையும் கொடுக்க முடியட்டும்.

இப்படிக்கு,
எல்லையோர ஊர்களில் புகைப் பழக்கத்தை விடுவோருக்கு ஆலோசனை சொல்லி வருபவர்கள்