காந்தம் ஒட்டாவிட்டால் அசலா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பழைய ராணுவப் பதக்கங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், காந்தம் ஒட்டாவிட்டால் அது அசல் என்று ஒரு வரி. போலி செய்கிறவர்கள் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். வெள்ளி, வெண்கலம், பித்தளை, ஈயம் எதிலும் காந்தம் ஒட்டாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போலிகளையும் இவற்றில்தானே செய்கிறார்கள்?

சரி, அது போகட்டும். அசல் பதக்கத்தைத் திருத்தி விற்பது பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே! முதல் உலகப் போருக்காகப் பிரிட்டன் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அச்சடித்திருக்கும். அதை அரத்தால் ராவிவிட்டு, பிரபலமான ரெஜிமென்ட்காரர் ஒருவரின் பெயரை ஏற்றிவிடுவார்கள். வெள்ளி அசல், அரசர் தலை அசல், ஆள் மட்டும் பொய்.

அப்படி ஒன்றை என்னிடம் விற்க வந்தவர் காந்தத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார். காலிப்பர் வைத்துப் பார்த்தேன். 36 மி.மீ. இருக்க வேண்டிய குறுக்களவு, பெயர் இருந்த பக்கத்தில் மட்டும் குறைந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், எழுத்துகளுக்கு அடியில் அரம் ஓடிய கோடுகள் சன்னமாகத் தெரிந்தன. எழுத்துகளும் அச்சால் அடித்தவை அல்ல, ஊசியால் கீறியவை. "பழசுன்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். பெயர் லண்டன் ஆவணக் காப்பகப் பட்டியலில் இருக்கிறதாம். இருக்கத்தான் செய்யும், பொய்ப் பெயர் ஏற்றுகிறவனும் அதே பட்டியலைத்தானே பார்க்கிறான்!

வார்ப்பு என்றாலே போலி என்று பெட்டிச் செய்தியில் வேறு போட்டிருந்தீர்கள். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸே வார்த்துச் செய்கிற பதக்கம்தான் ஐயா. அச்சில் அடிக்க வேண்டிய பதக்கத்தில் பொடிக்குழிகளும், அரசர் தலையில் மழுங்கிய முடிக்கற்றையும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

முன்பொரு முறை, பதக்கத்தைப் பளபளவென்று தேய்த்து வைக்கச் சொல்லி உங்கள் இதழில் ஆலோசனை வந்தது. தேய்க்கத் தேய்க்க நுணுக்கமான வேலைப்பாடெல்லாம் போய்விடும், அரம் பட்ட தடயமும் சேர்ந்து மறையும் என்று அப்போதே எழுதினேன். என் கடிதத்தில் உங்களைப் பாராட்டிய முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள், நன்றி. அப்புறம், கடைசிப் பக்கத்தில் 'சான்றிதழுடன்' பதக்கம் விற்கிறவர்களின் விளம்பரம். விற்கிறவரே எழுதிக் கையெழுத்துப் போடுகிற சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அடுத்த இதழில் காந்தம் பற்றி ஒரு வரித் திருத்தமும், பெயர் பொறித்த விளிம்பின் படம் ஒன்றும் போடுங்கள். கட்டுரையில் வந்த அத்தனை படமும் முகப்புப் பக்கம்தான். இந்த முறையும் இடம் போதாவிட்டால், தயவுசெய்து பாராட்டு வரியைத் தேடாதீர்கள். இதில் அப்படி எதுவும் இல்லை.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்