பழைய பேரேட்டை எடைக்குப் போடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எங்க செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீட்டைப் பிரிக்கிறப்ப தூணு, கதவு, நிலையெல்லாம் விலை பேசி எடுக்குறாங்க, ஆனா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போனவுக எழுதுன பேரேடு (கணக்குப் புத்தகம்), வட்டிச் சிட்டை, கடுதாசிக் கட்டு மட்டும் எடைக்குப் போயிருது, பாக்கவே மனசு பதறுது. எங்க ஐயாவோட அப்பா எந்த ஊர்ல கடை வச்சிருந்தாகன்னு பேரேட்டு முதல் பக்கத்துலதான் தெரிஞ்சுச்சு, அதுல இருக்க விலாச எழுத்தை (வீட்டு முகவரி இல்ல, பேருக்கு முன்னால போடுற தலைப்பெழுத்து) பிரிச்சா முன்னோர் பேரு வரிசையா வருது, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துல முன்னோரைப் பத்தித் தேடப் போறவுக அந்த விலாசத்தையும் கையோட கொண்டுபோங்க, வெறும் பேர மட்டும் சொன்னா அதே பேர்ல பத்து பேரு வருவாக. கோட்டையூர்ல ரோஜா முத்தையா சேத்து வச்ச பழைய புத்தகம், பத்திரிகையெல்லாந்தான் 1994ல சென்னையில ஆராய்ச்சி நூலகமாச்சு. காரைக்குடியிலயே இதையெல்லாம் ஸ்கேன் பண்ணி வைக்க அரசாங்கம் ஒரு இடம் தரணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி