சிவப்பா, நீலமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு தொலைக்காட்சியில் போட்ட படத்திலும் அதே காட்சிதான். கதாநாயகன் கையில் கட்டிங் பிளேயர், வெடிகுண்டுப் பெட்டிக்குள் ஒரு சிவப்பு வயர், ஒரு நீல வயர். கடைசி விநாடியில் ஒன்றை வெட்டுகிறார். கடிகாரம் நிற்கிறது, ஊர் பிழைக்கிறது. தோட்டத்து ஆலையில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

கட்டட வயரிங்கில் நிறத்துக்கு விதி உண்டு. நம் மலேசியாவில் சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாமே மின்சாரம் வரும் வயர்கள்; கறுப்பு நியூட்ரல்; பச்சை எர்த். பின்னால் பழுது பார்க்க வருகிறவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக வைத்த விதி அது. குண்டு வைக்கிறவனுக்கு அந்தக் கவலை எதற்கு? எல்லா வயரையும் ஒரே நிறத்தில் போடுவான். வெட்டினாலே வெடிக்கும்படியும் செய்து வைப்பான். இன்னும் எத்தனை விநாடி பாக்கி என்று பெரிய சிவப்பு எழுத்தில் நமக்குக் காட்ட அவனுக்கு என்ன தலையெழுத்தா?

உண்மையில் நிபுணர்கள் முதலில் ஆட்களை அப்புறப்படுத்துவார்கள். பிறகு ரோபோவை அனுப்புவார்கள். 1972-இல் பீட்டர் மில்லர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வட அயர்லாந்துக்காக உருவாக்கியது 'வீல்பாரோ' ரோபோ. தோட்ட வேலைக்கான மோட்டார் தள்ளுவண்டியில்தான் அதைத் தொடங்கினார். நம் தோட்டத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும். அந்த ரோபோ பீய்ச்சும் தண்ணீர், பேட்டரி வேறு வயர் வேறாகக் குண்டைச் சிதறடித்துவிடும், அது வெடிக்க நேரம் கிடைப்பதற்குள். வேறு வழியே இல்லாதபோதுதான் மனிதர் கிட்டே போவார். அதுவும் 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள கவசத்தில், தனி ஆளாக. பக்கத்தில் நின்று அழக் காதலிக்கு அனுமதி இல்லை.

இதை வெறும் சினிமா என்று விட்டுவிடலாம். ஆனால் 1942 ஜனவரி 7-இல் ஜப்பானிய டாங்கிகள் புகுந்த ஊர் எங்கள் சிலிம் ரிவர். மறுநடவுக்கும் கட்டுமானத்துக்கும் மண்ணைத் தோண்டும்போது போர்க்கால குண்டுகள் மலேசியாவில் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் வெட்டுவதற்கு வயரே இருக்காது. பார்த்தால் துருப்பிடித்த இரும்புத் துண்டு, அவ்வளவுதான். ஆனால் உள்ளே வெடிமருந்து அப்படியே இருக்கும். போலீஸ் வெடிகுண்டுப் பிரிவு வந்து, பெரும்பாலும் அதே இடத்திலோ பக்கத்திலோ பாதுகாப்பாக வெடிக்கச் செய்துவிடும். அவர்கள் வரும்வரை தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது. தள்ளி நின்று 999-க்கு அழைக்க வேண்டும். கைபேசியோடு படம் பிடிக்கக் கிட்டே போகிற பையன்களுக்கு இதை யார் சொல்வது?

உள்ளூர்த் தமிழ் நாடகங்கள், டெலிமூவி எடுப்பவர்கள் ஒரு தடவையாவது சரியாகக் காட்டலாமே. கனத்த கவசத்தோடு ஒருவர் மட்டும் செம்பனை வரிசைக்குள் நடந்து போவதில் இல்லாத பதற்றமா? பின்னணி இசையை வேண்டுமானால் அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
சிலிம் ரிவர், பேராக்.