கரும்புகை கக்கும் வண்டியும் கையிலிருக்கும் சான்றிதழும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூர் சிக்னல் அருகே நின்றிருந்தேன். பச்சை விழுந்ததும், கிழக்குக் கடற்கரைச் சாலையை நோக்கி நின்றிருந்த டீசல் ஜீப்பின் ஓட்டுநர், பக்கத்து ஸ்கூட்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தார். ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் ஏறி நின்றிருந்த குழந்தை கரும்புகையில் சில நொடிகள் கண்ணுக்கே தெரியவில்லை. என் சட்டையில் படிந்த கரி, தட்டியபோது உதிராமல் மைபோல் அப்பிக்கொண்டது.

பராமரிப்பில்லாத பழைய வண்டி புகைவது வேறு. இது வேண்டுமென்றே கரும்புகை விடுவதற்காகக் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் வேலை. பழைய வண்டியில் டீசல் பம்பைத் திருகி வைத்தும், புதிய வண்டியில் மெக்கானிக்குகள் 'ரீமேப்' என்று சொல்லும் மென்பொருள் மாற்றத்தைச் செய்தும், உள்ளே வரும் காற்றுக்கு எரியக்கூடிய அளவைவிட அதிகமாக டீசலைப் பாய்ச்சுகிறார்கள். முழுதும் எரியாத டீசல் கரியாக வெளியேறுகிறது. அந்தக் கரியைப் பிடிப்பதற்கென்றே பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை வரம்பு) வண்டிகளில் உள்ள வடிகட்டியையும் கழற்றிவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-லேயே வகைப்படுத்திவிட்டது.

அமெரிக்காவில் 'ரோலிங் கோல்' என்று பெயர்பெற்ற இந்தப் பழக்கத்துக்கு எதிராக நியூ ஜெர்சி மாநிலம் 2015-ல் தனிச் சட்டமே இயற்றியது. நமக்கு அந்த அவசியம்கூட இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காற்று மாசு வரம்பை மீறி ஓட்டுபவருக்கு 190(2) பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதம் தகுதியிழப்பு உண்டு.

இவ்வளவு இருந்தும், நிறுத்திக் கேட்டால் ஓட்டுநர் புகைச் சான்றிதழை நீட்டுகிறார், வண்டி போய்விடுகிறது. பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு அது ஓராண்டு செல்லும். சான்றிதழ் வாங்கிய மறுநாளே பம்பைத் திருகினாலும் அந்தக் காகிதம் அப்படியேதான் இருக்கும். கண்ணெதிரே புகை கக்கும் வண்டிக்கு அதை ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. புகையால் பிறர் உடல்நலத்துக்குக் கேடு என்று கருதினால், எந்த வண்டியையும் சோதனைக்கு உட்படுத்தப் பணிக்கும் அதிகாரத்தை, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 116-ஆவது விதி காவல் உதவி ஆய்வாளருக்கும் மோட்டார் வாகன ஆய்வாளருக்கும் வழங்கியிருக்கிறது.

ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து அக்கரை என்னும் ஊர் வரை புகைமானியுடன் இரண்டு குழுக்களை நிறுத்தி, சந்தேகத்துக்குரிய வண்டிகளை அங்கேயே சோதிக்கப் போக்குவரத்துக் காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் முன்வர வேண்டும். 182ஏ(4) உரிமையாளரை மட்டுமே குறிப்பிடுவதால், கூலி வாங்கிக்கொண்டு இதைச் செய்துதரும் பட்டறைகளையும் அதில் சேர்க்குமாறு தமிழக அரசு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
திருவான்மியூர், சென்னை.