பலூனைப் பார்க்காத கண்

ஈசூன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுமதி,

தீபாவளிக்கு நீ கிள்ளானிலிருந்து கொடுத்தனுப்பிய முறுக்கு தீர்ந்து, டப்பாவில் இப்போது மிளகாய்த்தூள் இருக்கிறது. நான்தான் ஒரு வரி எழுதவில்லை. கோபித்துக்கொள், ஆனால் முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே. இவருக்கு இந்த மாதம் இரவு ஷிஃப்ட். ஃபாத்திமா பொங்கோலுக்கு வீடு மாறிவிட்டாள். போயிருந்தோம், அந்தப் பச்சை சைக்கிள் கதையைச் சொல்லி அவள் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன். உன் மானத்தை வாங்கியாயிற்று.

இப்போது எழுத உட்கார்ந்தது கவினைப் பற்றி.

தொடக்கநிலை ஐந்துக்கு வந்துவிட்டான். இடது கை சட்டைப் பித்தானைத் தொடுவதற்குள் இன்னும் விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. மூளையில் பட்ட காயம் பட்டதோடு சரி, பெருமூளை வாதம் கூடிக்கொண்டே போகிற நோய் இல்லை என்று கைக்குழந்தையிலேயே சொன்னார்கள். ஆனால் பிள்ளை வளர்கிறானே, அந்தக் கை செய்ய வேண்டிய வேலை கூடிக்கொண்டேதான் போகிறது.

கைக்குச் சோதனை என்றால் இதுவரை அந்தக் கட்டைப் பெட்டிதான். நடுவில் தடுப்பு, ஒரு பக்கம் 150 மரக்கட்டைகள், ஒவ்வொன்றும் 2.5 சென்டிமீட்டர். 60 விநாடியில் எத்தனையை அந்தப் பக்கம் போடுகிறான் என்று எண்ணுவார்கள். கடைசியில் கையில் கிடைப்பது ஓர் எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் உன்னிடம் எத்தனை முறை அழுதிருக்கிறேன்! முன்பு போன ஓரிடத்தில் ‘பையன் கவனம் செலுத்துவதில்லை’ என்று எழுதியே கொடுத்தார்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை வி.ஆர். கருவியை, அதுதான் கண்ணை மூடித் தலையில் மாட்டினால் உள்ளே வேறொரு உலகம் தெரியுமே, அதை மாட்டிப் பார்த்தார்கள். அரைக் கிலோ எடை. வலிப்பு வந்ததுண்டா, கழுத்து தாங்குமா, மாறுகண்ணுக்குப் போட்ட கண்ணாடியோடு மாட்ட முடியுமா என்று எல்லாம் கேட்ட பிறகுதான் தொட்டார்கள். பத்து வயது முடியட்டும் என்று காத்திருந்ததும் அதனால்தான். உள்ளே பலூன்கள் மிதந்து வரும், கையை நீட்டித் தொட வேண்டும். கை போகும் வழியையும், அதே நொடியில் கண் எங்கே நிற்கிறது என்பதையும் கருவி பதிந்துகொள்கிறது.

முடிந்ததும் தெரப்பிஸ்ட் திரையில் ஓட்டிக் காட்டினார். கை ஒரு நீலக் கோடு, கண் ஒரு மஞ்சள் புள்ளி. வலது கையால் தொடும்போது மஞ்சள் புள்ளி முதலில் பலூனுக்குத் தாவுகிறது, நீலக் கோடு பின்னாலேயே நேராகப் போகிறது. இடது கைக் கோடு நின்று நின்று, வளைந்து வளைந்து போனது. அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் சுமதி, அந்த மஞ்சள் புள்ளி பலூனிலேயே இல்லை. அவன் கை மேலேயே உட்கார்ந்திருந்தது. கை பலூனை நெருங்கிய பிறகுதான் ஒரு தடவை பலூனுக்குப் போய் வந்தது.

நம் கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே நமக்குத் தெரியும், அதனால் கண் எடுக்க வேண்டிய பொருளுக்கு முன்னதாகவே போய்விடும் என்றார். இவனுக்கு இடது கையிலிருந்து அந்தச் செய்தி சரியாக வருவதில்லை. அதனால் கண்ணைக் காவலுக்கு வைத்திருக்கிறான். கண் கையிலேயே கட்டுண்டு கிடந்தால் அடுத்து என்ன என்று பார்க்க எது மிச்சம்?

‘பார்த்து எடுடா, பார்த்து எடுடா’ என்று எத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன், ஈசூன் வரைக்கும் விடவில்லை.

இதை வைத்து எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பலூனுக்கு எடை கிடையாது, பிடிக்க விரலை மடக்கி விரிக்க வேண்டியதில்லை. சூடான மைலோ கோப்பை அப்படியா? இதைத் தெரப்பிஸ்டிடமும் கேட்டேன். ஆமாம், அதனால்தான் கட்டைப் பெட்டியை விடவில்லை, இது அதோடு சேர்த்துத்தான் என்றார். மூன்றாவது சுற்றில் தலை சுற்றுகிறது என்றான், உடனே கழற்றிவிட்டார்கள். களைத்த பிள்ளையின் கோடு வேறு மாதிரி வரும். வேறொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும்.

இப்போது வீட்டில் அலமாரிக் கைப்பிடி, அவன் கோப்பை, கதவுத் தாழ் எல்லாவற்றிலும் சிவப்பு டேப். கண் முதலில் அங்கே போகட்டும் என்று. ‘பார்த்து எடு’ என்பதை நிறுத்திவிட்டேன். ‘சிவப்பு எங்கே?’ என்று மட்டும் கேட்கிறேன்.

உனக்கு இவ்வளவு விவரமாக எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. உன் வகுப்பில் அந்தச் சின்னப் பெண், எழுதும்போது கரும்பலகையைப் பார்க்காமல் கையையே முறைத்துக்கொண்டிருக்கிறாள் என்று போன வருஷம் அலுத்துக்கொண்டாயே, அவளுக்கும் இதே வாதம்தானே? நாளைக்கு அவளைத் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து, கண் எப்போது கையிலிருந்து எழும்புகிறது என்று மட்டும் பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது. மிளகாய்த்தூள் டப்பாவைத் திருப்பித் தர மாட்டேன்.

அன்புடன்,
மாலதி